சுனை என்னும் சொல்லும் பாறைநீரும்: மதுரைக் குன்றுகளில் நடைவழிக் களநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மதுரையைச் சூழ்ந்த பாறைக்குன்றுகளில் உள்ள நீர்நிலைகள் பலவும் சுனை என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. அப்பெயருக்குள் மழைநீர் தேங்கும் பாறைக்குழி, பாறை விரிசலின் வழியே கசியும் ஊற்று, மனிதர் வெட்டி ஆழப்படுத்திய நீர்த்தேக்கம் ஆகிய மூன்று வேறுபட்ட நீர்கள் அடங்கியுள்ளன. இவ்வேறுபாட்டை ஒரே குன்றுக்குப் பருவந்தோறும் நடந்து சென்று நோக்குபவரே அறிய இயலும். தமிழி கல்வெட்டுகள் உள்ள குகைத்தளங்களின் அமைவிடம், சங்க இலக்கியச் சுனைக் காட்சிகளின் பொருள், குன்றுகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இவ்வேறுபாட்டைச் சார்ந்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுனை, ஊற்று, தகட்டு விரிசல், குகைத்தளம், அரிட்டாபட்டி, சமணர் மலை, கருப்பொருள், நடைவழிக் கள ஆய்வு.

1. முன்னுரை

மலையும் மலைநீரும் தமிழ் ஆய்வுலகிற்குப் புதியவை அல்ல. குறிஞ்சித் திணை பற்றிய ஆய்வுகளில் அருவியும் சுனையும் தவறாது இடம்பெறுகின்றன. கல்வெட்டாய்வாளர்கள் குகைத்தளங்களை விவரிக்கும்போது அருகிலுள்ள சுனையையும் ஒரு தொடரில் குறித்துச் செல்வதுண்டு. சுற்றுச்சூழல் ஆவணங்களோ சுனைகளை எண்ணிக்கையாகப் பதிவு செய்கின்றன. இம்மூன்று துறையினரும் ஒரே சொல்லைக் கையாளுகின்றனர். அச்சொல் சுட்டும் பொருள் மூவருக்கும் ஒன்றுதானா என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

அகராதிகளும் சுனை என்பதற்கு மலையிலுள்ள நீர்நிலை, மலையூற்று என்னும் இரு பொருள்களையும் தருகின்றன. தேங்கி நிற்கும் நீரும் ஊறி வரும் நீரும் இயல்பால் வேறானவை. முன்னது மழையை மட்டும் நம்பியது. பின்னது மலையின் உட்பகுதியை நம்பியது. முன்னது கோடையில் வற்றினால் அதில் வியப்பில்லை. பின்னது வற்றினால் மலைக்குள் ஏதோ மாறிவிட்டது என்று பொருள். ஆகவே இது சொல்லளவில் நின்றுவிடும் வேறுபாடு அன்று.

இக்கட்டுரை மதுரை மாவட்டத்தின் யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழக்குயில்குடிச் சமணர் மலை, அழகர்மலை ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகக் கொள்கிறது. இவை அனைத்தும் மதுரை நகரிலிருந்து மிதிவண்டியில் சென்று மீளத்தக்க தொலைவில் உள்ளவை. பெரும்பாலும் நடந்து ஏறிக் காணத்தக்கவை.

2. குன்றுகளும் பாறையும்

புவியியலாளர்கள் தென்னிந்தியாவின் தென்பகுதியைப் பல பாறைத் தொகுதிகளாகப் பகுப்பர். அவற்றுள் பாலக்காடு–காவிரி முறிவு மண்டலத்திற்குத் தெற்கே, அச்சன்கோவில் முறிவு மண்டலம் வரை பரந்துள்ளது மதுரைத் தொகுதி. நைஸ், சார்னோகைட்டு, கிரானைட்டு முதலிய பாறைகள் இங்கு மிகுதி. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா நிலப்பகுதிகள் ஒன்றிணைந்த காலத்தில், இப்பாறைகள் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்திற்கும் பேரழுத்தத்திற்கும் உள்ளாகி உருமாறின. மேலிருந்த பாறை அடுக்குகள் நெடுங்காலம் அரித்துச் செல்லப்பட்ட பின்னரே அவை இன்றைய தரைமட்டத்திற்கு வந்தன.

மணற்கல்லில் மணல்மணிகளுக்கு இடையே நீர் தங்க இடமுண்டு. நைஸ், கிரானைட்டு ஆகியவற்றில் கனிமங்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடப்பதால் அத்தகைய இடைவெளி இல்லை எனலாம். எனவே இக்குன்றுகளின் உட்பகுதியில் நீர் இருக்குமாயின் அது விரிசல்களில்தான் இருக்கவேண்டும்.

அவ்விரிசல்களுள் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது தகட்டு விரிசல் ஆகும். ஆழத்தில் அழுத்தப்பட்டிருந்த பாறை, மேற்சுமை நீங்கியதும் சற்றே விரிவடைகிறது. அவ்விரிவால் மேற்பரப்புக்கு இணையாக, வெங்காயத்தின் தோல் போன்று அடுக்கடுக்கான விரிசல்கள் தோன்றுகின்றன. வெளித்தகடுகள் காலப்போக்கில் உடைந்து சரிய, உருண்டு திரண்ட வழுக்குப்பாறை எஞ்சுகிறது. ஒத்தக்கடையை அடுத்த யானைமலை படுத்திருக்கும் யானையைப் போலத் தோற்றம் தருவதற்குக் காரணம் இதுவே. அதன் முதுகின் மழமழப்பும் விலாவில் காணும் வளைகோடுகளும் தகடுகள் உரிந்த தடங்கள்.

இத்தகைய வெறும்பாறைக் குன்றின்மீது விழும் மழையில் பெரும்பகுதி நில்லாது வழிந்தோடுகிறது. ஒரு எக்டேர் பாறைப்பரப்பில் 10 மி.மீ. மழை பெய்தால் அது 1,00,000 லிட்டர் நீராகும். மண்ணிலத்தில் இவ்வளவு சிறுமழை தரையை நனைப்பதோடு நின்றுவிடும். பாறையிலோ அதன் பெரும்பங்கு அடிவாரத்தை வந்தடைகிறது. குன்றின் காலடியிலேயே கண்மாய் அமைத்த முன்னோர் பாறையின் இவ்வியல்பை அறிந்திருந்தனர் எனக் கொள்வதில் தடையில்லை. வழிந்தோடியது போக எஞ்சும் சிறுபங்கே குழிகளிலும் விரிசல்களிலும் புகுந்து சுனையாகிறது.

3. மூவகைச் சுனைகள்

3.1 குழிச்சுனை

பாறையின் சமதளமான உச்சிகளில் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் குழிகள் காணப்படுகின்றன. சிறு பள்ளம் ஒன்றில் மழைநீர் தேங்கும்போது, பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரும் அபிரகமும் மெல்லச் சிதைந்து களிமண்ணாகின்றன. சிதையாத குவார்ட்சு மணிகள் பருமணலாக அடியில் தங்குகின்றன. காற்றும் பெருமழையும் இத்துகள்களை அகற்றக் குழி மேலும் ஆழமாகிறது. ஆழமான குழியில் நீர் மிகுதியாகத் தேங்குவதால் சிதைவும் மிகுகிறது. இவ்வாறு நீரே தனக்குரிய கலத்தைக் குடைந்துகொள்கிறது.

இவ்வகைச் சுனைக்கு வரவு மழை மட்டுமே. செலவு பெரும்பாலும் ஆவியாதல். நீர் இறங்க இறங்கக் குழியின் விளிம்பில் வரிவரியான வட்டத்தடங்கள் விழுகின்றன. நண்பகலில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும்.

3.2 கசிவுச்சுனை

உச்சிப்பகுதியில் திறந்திருக்கும் விரிசல்களில் புகும் மழைநீர், தகடுகளுக்கு இடையே சரிவின் போக்கில் மெல்ல இறங்குகிறது. தகடு முடியும் இடத்திலோ, விரிசல் குறுகி இறுகும் இடத்திலோ நீர் வெளிப்படுகிறது. அதன் கீழே பள்ளம் இருப்பின் கசிவுச்சுனை உருவாகிறது. ஊற்று என்னும் சொல் பொருந்துவது இதற்கே.

இதனை அறியச் சில அடையாளங்கள் உள்ளன. மழை நின்று பல வாரங்கள் கழிந்தும் மேற்பாறையில் ஈரக்கோடு நீடிக்கும். அதனையொட்டிப் பாசி படிந்த கரும்பட்டை இறங்கும். பாறையிடுக்கில் பாசியும் பெரணியும் கோடையிலும் பசுமை மாறாதிருக்கும். நிழலில் வெளிப்படும் இந்நீர் நண்பகலிலும் குளிர்ச்சி குன்றாது. கசிவுவாயில் செம்பழுப்பு இரும்புக்கறை படிந்திருப்பதும் உண்டு.

3.3 வெட்டுச்சுனை

முற்கூறிய இரண்டில் ஒன்றை மனிதர் ஆழப்படுத்தியோ, வாய்ப்பகுதியில் கல்லடுக்கி மறித்தோ, இறங்குவதற்குப் படி செதுக்கியோ அமைத்துக்கொண்டது வெட்டுச்சுனை. உளித்தடம், நேர்கோட்டு விளிம்பு, படிகள் ஆகியன இதன் அடையாளங்கள். வடிவம் மனிதரால் ஆனது எனினும் நீரின் வரவு இயற்கையானது. ஆகவே வெட்டுச்சுனையைக் கண்டபோது அது குழிச்சுனையின் விரிவா, கசிவுச்சுனையின் விரிவா என்று மீண்டும் ஒருமுறை வினவ வேண்டும்.

3.4 பெயர் தரும் மயக்கம்

இவ்வேறுபாட்டைப் பெயரைக் கொண்டு அறிய இயலாது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களின் வரிசையை அடுத்துள்ள நீர்நிலைக்குப் பேச்சிப்பள்ளம் என்று பெயர். பெயர் பள்ளம் என்கிறது. ஆயினும் அங்கிருப்பது வற்றாத ஊற்று என்றே குறிக்கப்படுகிறது. மறுபுறம், புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குன்றிலுள்ள நவச்சுனை பெயரளவில் சுனை. தோற்றத்தில் அது பாறைப்பள்ளத்தில் நீர் நிறைந்து நிற்கும் சிறு பொய்கையாகவே உள்ளது. நீருக்குள் மூழ்கியவாறு ஒரு சிறு குடைவரையும் இருக்கிறது. பெயரிட்டவர்களின் நோக்கம் நீரியல் பகுப்பு அன்று. வழிபாடும் அடையாளமும் பயன்பாடுமே. எனவே பட்டியலிலுள்ள பெயரை நம்பிச் சுனையை வகைப்படுத்துவது பிழைக்கு இடந்தரும்.

4. குகைத்தளமும் சுனையும்

மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் தமிழி கல்வெட்டுகளுக்குப் பெயர்பெற்றவை. மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் ஓவாமலைக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார், 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழில் அமைந்தவை என்பதைப் படித்துக் காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரும், கணி நந்தாசிரிகுவன் என்னும் துறவியின் பெயரும், வெள்ளறை நிகமத்தாரும் இவற்றில் இடம்பெறுகின்றனர். ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். அரிட்டாபட்டிக் கழிஞ்சமலை, கிடாரிப்பட்டிப் பக்கமுள்ள அழகர்மலைக் குகைத்தளம், யானைமலை, திருப்பரங்குன்றம், கீழவளவு, கருங்காலக்குடி முதலியன இவ்வரிசையில் சேர்வன.

இக்குகைத்தளங்களின் அருகே நீர் இருப்பதற்கு, துறவியர் நீருள்ள இடத்தைத் தேர்ந்தனர் என்று விளக்கம் தரப்படுவது வழக்கம். அது உண்மையே. ஆயினும் பாறையின் இயல்பை நோக்கும்போது மேலும் ஒரு காரணம் புலப்படுகிறது. இங்குள்ள இயற்கைக் குகைத்தளங்களுள் பல, ஒரு தகட்டின் கீழ்ப்பகுதி உடைந்து சரிய, மேற்பகுதி கூரைபோல் நீட்டி நிற்பதால் உண்டானவை. விரிசலின் வழியே வரும் ஈரம் பாறையைத் தளர்த்துவதும் அவ்வுடைவுக்குத் துணைசெய்கிறது. அதே தகட்டு விரிசல்தான் மேலிருந்து நீரையும் கொண்டு வருகிறது. ஆகவே உறைவிடமும் ஊற்றும் அருகருகே அமைவது தற்செயல் அன்று. ஒரே விரிசலின் இரு விளைவுகள் அவை. துறவியர் இரண்டையும் தனித்தனியே தேடிச் சேர்த்தனர் என்பதைவிட, ஒருங்கே அமைந்த இடத்தை இனங்கண்டனர் என்பது பொருத்தமாகும்.

குகை முகப்பின் மேல்விளிம்பில் வெட்டப்பட்டுள்ள காடி இதற்குத் துணைச்சான்று. மேற்பாறையில் வழியும் நீர் உட்புகுந்து கற்படுக்கைகளை நனைக்காதவாறு, அக்காடி நீரை முகப்பின் வெளியே சொட்டச் செய்கிறது. கல்வெட்டு பொறிக்கப்பட்டிருப்பதும் பல இடங்களில் இக்காடியை ஒட்டியே. இவ்வமைப்பை வெட்டியவர் பாறைமீது நீர் செல்லும் வழியை நுணுகி நோக்கியவராக இருந்திருத்தல் வேண்டும்.

அழகர்மலைக் கல்வெட்டுகளில் மதுரைப் பொன்கொல்லனும் உப்பு, அறுவை முதலிய பொருள்களின் வணிகரும் கொடையாளராகக் குறிக்கப்படுகின்றனர். நகரத்து வணிகர் குன்றுவரை வந்து கொடையளித்தனர் என்பது, குன்றுகள் ஒதுங்கிய காடாக இன்றி, நடைவழிகளால் இணைக்கப்பட்டிருந்தன என்னும் கருத்திற்கு வலுச்சேர்க்கிறது. நடந்துசெல்லும் பொதியோருக்கும் கால்நடைகளுக்கும் நிழலும் நீரும் ஒருங்கே கிடைக்கும் இடம் இன்றியமையாதது. இவ்வகையில் ஒரு குகைத்தளத்தின் சுனை எவ்வகையினது, ஆண்டில் எத்தனை மாதம் நீர் தரும் என்பதை அறிவது, அத்தளம் ஆண்டு முழுவதும் உறைவதற்குரியதா, மழைக்காலத் தங்கலுக்கு மட்டும் உரியதா என்ற வரலாற்று வினாவுக்கு விடைதேட உதவும்.

5. இலக்கியத்தில் சுனையும் வழியும்

திணைகளுக்குரிய நீரை அகப்பொருள் மரபு கருப்பொருள்களுள் ஒன்றாக வகுத்துள்ளது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் குறுஞ்சுனையும் கான்யாறும், பாலைக்கு வற்றிய சுனையும் கிணறும் உரியன. இப்பகுப்பில் சுனை மூன்று திணைகளில் மூன்று நிலைகளில் வருவது கருதத்தக்கது. குறிஞ்சியில் அது நிறைந்த சுனை; முல்லையில் குறுகிய சுனை; பாலையில் வற்றிய சுனை. வேனிற் கொடுமையால் வளமான நிலமே பாலையாகத் திரிகிறது என்னும் மரபோடு இதனை இணைத்து நோக்கின், மரபு சுனையை என்றும் வற்றாத ஊற்றாகக் கருதவில்லை என்பது தெளிவாகும். சுனை பருவத்தோடு மாறுவது; அதன் நீர்மட்டம் திணையையே சுட்டவல்லது.

சங்கப் பாடல்களில் சுனையோடு இணைத்துப் பேசப்படும் மலர்களுள் குவளை முதன்மையானது. குவளை வேரூன்ற அடியில் சேறு வேண்டும். தேங்கிய நீர் வேண்டும். நீர் வற்றினும் அதன் கிழங்கு சேற்றில் உயிர்தாங்கி அடுத்த மழையில் தளிர்க்கவல்லது. மேலே குழிச்சுனையின் இயல்பாகக் கூறப்பட்டதும் இதுவே: பாறை சிதைந்த களிமண் அடியில் படிய, நீர் மேலே தேங்கி நிற்பது. ஆகவே குவளை பூத்த சுனையை அயன்மொழியில் ஊற்று என்னும் பொருளிலேயே பெயர்ப்பது பாடலின் காட்சியைச் சற்றே பிறழச் செய்கிறது. பாறையிடுக்கில் கசியும் நீரில் குவளைக்கு இடமில்லை. அடியில் சேறு படியும் அளவுக்குத் தேக்கம் இருக்கவேண்டும்.

நடைவழியையும் மலைநீரையும் ஒருசேரக் காட்டும் இலக்கிய இடம் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. உறையூரைக் கடந்து மதுரை நோக்கிச் செல்லும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவருக்கும் மாங்காட்டு மறையோன் வழி கூறுகிறான். கொடும்பாளூர்க் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரிகிறது. வலப்புற வழி சிறுமலைப் பக்கமாகவும், இடப்புற வழி திருமால் குன்றமாகிய அழகர்மலை வழியாகவும் செல்ல, இடைவழி இவற்றுக்கு நடுவே செல்கிறது. திருமால் குன்றத்தில் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று நீர்நிலைகள் உள்ளன என்றும், அவற்றில் நீராடுவோர் பெறும் பேறுகள் இவை என்றும் அவன் விரித்துரைக்கிறான்.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இளங்கோவடிகள் அம்மூன்றையும் சுனை என்னாது பொய்கை என்றே குறிக்கிறார். சொல்லாட்சியில் வேறுபாடு பேணப்பட்டது என்பதற்கு இது ஒரு சான்றாகலாம். இரண்டாவது, சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் அந்நீர்நிலைகள் தரும் பேறுகள் தமக்கு வேண்டுவன அல்ல என மறுத்து இடைவழியையே தேர்கிறார். பேறு நல்கும் நீரை அவர் வேண்டவில்லை. ஆனால் நடப்பவர்க்கு நீர் இன்றியமையாதது என்பதைக் காதை மறக்கவில்லை. இடைவழியில் நீர் தேடிப் பொய்கைக்குச் சென்ற கோவலனிடமே கானுறை தெய்வம் வயந்தமாலை வடிவில் தோன்றுகிறது.

அழகர்மலை ஏனைய குன்றுகளிலிருந்து வேறுபட்டது. பரப்பால் பெரியது, மண்மூடிய சரிவும் காடும் உடையது. வெறும்பாறையில் நீர் விரிசலில் மட்டும் தங்க, இங்கு மண்ணிலும் சிதைந்த பாறை அடுக்கிலும் தங்கி மெல்ல வெளிப்படுகிறது. சிலம்பாறு எனவும் நூபுரகங்கை எனவும் வழங்கும் நீர் இன்றும் இராக்காயி அம்மன் கோவிலருகே வீழ்ந்துகொண்டிருப்பது இவ்வியல்பால் ஆகும். யானைமலையின் குழிநீரையும் அழகர்மலையின் ஓடுநீரையும் ஒரே நாளில் கண்டவருக்கு, காடு நீரைக் காக்கிறது என்னும் கூற்றுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

6. நடந்து காணும் முறை

ஒரு சுனையை ஒருமுறை கண்டு அதன் வகையைத் துணிய இயலாது. வடகிழக்குப் பருவமழை முடியும் காலத்தில் எல்லாச் சுனைகளும் நிறைந்தே இருக்கும். எனவே ஒரே இடத்திற்கு ஆண்டில் நான்கு முறையேனும் செல்லவேண்டும். மழைக்காலமாகிய நவம்பர், மழை ஓய்ந்த சனவரி இறுதி, கோடையாகிய ஏப்ரல், கோடைமழைக்குப் பிந்திய சூன் ஆகியன தக்க காலங்கள்.

வகையைத் துணிவதற்கு எளிய கணக்கு ஒன்று உதவும். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாகிறது எனக் குறைத்தே வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. ஆழமுள்ள குழி 60 நாளில் வற்றவேண்டும். திசம்பர் இறுதியில் நிறைந்த அக்குழியில், இடையே மழையின்றி, ஏப்ரலிலும் நீர் இருப்பின் அதற்கு உள்வரவு உண்டு என்பது உறுதி. மாறாக, ஒரு மீட்டர் ஆழமுள்ள குழி ஊற்றின்றியே 200 நாள் வரை நீர் தாங்கக்கூடும். வற்றாதது என்பதாலேயே ஒன்றை ஊற்று எனக் கொள்ளுதல் கூடாது. ஆழத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். இதற்கு வேண்டுவன கல் கட்டிய நூல், அளவுகோல், நாட்குறிப்பு ஆகியவை மட்டுமே.

ஒவ்வொரு முறையும் நீர்மட்டம், நீரின் தட்பவெப்பம், மேற்பாறையில் ஈரக்கோட்டின் நீளம், சூழ்ந்துள்ள செடிகொடிகள், நீருண்ண வரும் பறவை விலங்குகளின் தடம், ஊரார் வழங்கும் பெயர், அந்நீரை அவர்கள் பயன்படுத்தும் முறை ஆகியவற்றைக் குறித்தல் நன்று. ஆடுமேய்ப்போர் கோடையில் எந்தச் சுனையை நாடிச் செல்கின்றனர் என்பது அளவுகோலினும் விரைவாகப் பல செய்திகளை உணர்த்தும்.

குன்றின்மேல் நடையே வழி. குன்றுகளுக்கு இடைப்பட்ட நிலத்திற்கு மிதிவண்டி ஏற்றது. கண்மாய்க் கரைகளிலும் வண்டிப்பாதைகளிலும் மெல்லச் செல்பவர், ஒரு குன்றில் வழியும் நீர் எந்த ஓடையில் சேர்ந்து, எந்தக் கண்மாயை நிரப்பி, எந்தக் கலிங்கின் வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது என்பதைத் தொடர்ச்சியாகக் காணலாம். மகிழுந்தில் நேரே அடிவாரத்தை அடைபவர்க்கு இத்தொடர்ச்சி புலப்படாது. அவர் காண்பது சிற்பத்தையும் கல்வெட்டையும் மட்டுமே. மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமைநடை இயக்கம், யானைமலையைக் காக்கும் முயற்சியின் தொடர்ச்சியாகப் பொதுமக்களை இக்குன்றுகளுக்கு நடத்திச் சென்றுவருவது இங்கு நினைக்கத்தக்கது.

களம் செல்வோர்க்குச் சில கடப்பாடுகளும் உண்டு. இக்குன்றுகள் பலவற்றில் தொல்லியல் துறைகளின் பாதுகாப்பிலுள்ள சின்னங்கள் உள்ளன. வழிபாட்டிற்குரிய நீர்நிலைகளும் உள்ளன. எழுத்துகளின்மீது சுண்ணம் பூசுதல், சுனையை இறைத்துப் பார்த்தல், பாசியைச் சுரண்டுதல் ஆகியன தவிர்க்கப்படவேண்டும். செங்குத்துப் பாறைகளில் வல்லூறு முதலியன கூடு கட்டும் காலத்தில் அப்பக்கம் ஏறாதிருத்தல் நன்று. மழைபெய்த பாசிப்பாறை வழுக்கும். தனியே ஏறுதல் தகாது.

7. எண்ணிக்கையும் ஊற்றுப்பரப்பும்

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சார்ந்த 193.215 எக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இத்தகுதி பெற்ற முதல் தலம் இதுவே. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள், ஏறத்தாழ 250 பறவையினங்கள் ஆகியன இதன் சிறப்புகளாகக் குறிக்கப்பட்டன. ஒரு நிலப்பகுதியின் மதிப்பைச் சுனைகளையும் சேர்த்து எண்ணியமை பாராட்டத்தக்கது.

எனினும் இரண்டே ஆண்டுகளில் இவ்வட்டாரம் சோதனைக்கு உள்ளானது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் விடப்பட்டது. 2,000 எக்டேருக்கு மேற்பட்ட அத்தொகுதியின் எல்லைக்குள் பாரம்பரியத் தலமும் அமைந்திருந்தது. ஊர்மக்களின் தொடர்ந்த எதிர்ப்பும், 2024 திசம்பரில் சட்டமன்றத் தீர்மானமும் எழுந்தன. 2025 சனவரியில் ஒன்றிய அரசு அவ்வேலத்தை இரத்து செய்தது.

அச்சிக்கலின்போது, பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எஞ்சிய பரப்பைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தும் எழுந்தது. சுனைகளின் வகையறிந்து நோக்கினால் இதன் குறை புலப்படும். குழிச்சுனையைக் காக்க அக்குழியுள்ள பாறையைக் காத்தால் போதும். கசிவுச்சுனையின் நிலை வேறு. அதன் நீர் சுனையில் பிறப்பதில்லை. மேற்பாறையிலும் அதனோடு தொடரும் விரிசல்களிலும் புகுந்து வருகிறது. அவ்விரிசல் வலையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் நீர் வேறு வழியே வடிந்துவிடும். வெடிவைத்தல் புதிய விரிசல்களைத் திறக்கவும் கூடும். சுனையைச் சுற்றி வேலி இருக்கும், நீர் இராது. அவ்வாறே குன்றுகளின் வழிந்தோட்டத்தை நம்பிய கண்மாய்களும் எல்லைக்கோட்டைப் பார்த்து நிரம்புவதில்லை.

கீழவளவு வட்டாரம் இதற்குக் கண்கூடான பாடம். அங்குப் பஞ்சபாண்டவர் மலை பாதுகாக்கப்பட்ட சின்னமாக நிற்க, சூழ்ந்த நிலத்தில் கிரானைட்டுக் குவாரிகள் பெருகின. மேலூர்ப் பகுதிக் குவாரி முறைகேடுகளை ஆராய 2014இல் உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்தது. சின்னம் எஞ்சியது, அது நின்ற நிலத்தோற்றம் குலைந்தது.

எனவே 200 சுனைகள் என்னும் எண்ணிக்கையின் அடுத்த படிநிலை, அவற்றுள் எத்தனை குழிச்சுனை, எத்தனை கசிவுச்சுனை, ஒவ்வொரு கசிவுச்சுனைக்கும் நீர் எப்பரப்பிலிருந்து வருகிறது என்னும் பதிவேடாக அமையவேண்டும். இப்பதிவேட்டுக்குப் பெருங்கருவிகள் வேண்டா. தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை, புவியியல் துறை மாணவர்கள் ஊராருடன் இணைந்து பருவந்தோறும் நடந்தாலே தொடக்கப் பதிவுகள் உருவாகிவிடும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன பின்வருமாறு:

1. சுனை என்னும் பொதுப்பெயர் குழிச்சுனை, கசிவுச்சுனை, வெட்டுச்சுனை என்னும் மூவகை நீரை உள்ளடக்கியது. பெயரைக் கொண்டோ ஒருமுறை கண்டோ வகையைத் துணிய இயலாது.

2. குகைத்தளமும் கசிவுச்சுனையும் தகட்டு விரிசல் என்னும் ஒரே காரணத்தால் அருகருகே அமையக்கூடியவை. ஆகவே குகைத்தள ஆய்வில் சுனையின் வகையும் பதிவு செய்யப்படவேண்டும்.

3. அகப்பொருள் மரபு சுனையை நிறைந்தும் குறுகியும் வற்றியும் மாறும் நீராகவே கண்டுள்ளது. பாடற்பொருள் காணும்போதும் மொழிபெயர்க்கும்போதும் இதனைக் கருதவேண்டும்.

4. கசிவுச்சுனையைக் காப்பது என்பது அதன் ஊற்றுப்பரப்பாகிய குன்று முழுவதையும் காப்பதாகும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்குன்றுகளில் காடி வெட்டியவர் பாறையில் நீர் செல்லும் வழியை அறிந்திருந்தார். அவ்வறிவை அவர் நூலாக எழுதி வைக்கவில்லை; பாறையிலேயே விட்டுச் சென்றார். அதனை மீண்டும் கற்க விழைபவர் மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அதே பாறையில் ஏறிச் செல்லவேண்டும்.